ஒரே ஒரு ஊசியும் பன்னிரண்டாவது கூட்டமும்

என் மனைவி இகுயோ பிறந்தது ஏப்ரல் ஒன்றாம் தேதி. எங்கள் நகரசபையைப் பொறுத்தவரை அவள் வாழ்க்கையில் செய்த முதல் தவறு அதுதான். ஒரு நாள் பொறுத்துப் பிறந்திருந்தால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது.

எங்கள் ஊரில் நிமோனியாத் தடுப்பூசியை, அறுபத்தைந்து வயது நிரம்பும் ஆண்டில் நகரசபை போட்டுவிடும். ஆண்டு என்றால் ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதற்கான இலவசச் சீட்டை வயது நிரம்பிய பிறகுதான் தருவார்கள்; மார்ச் முப்பத்தொன்றோடு அது செல்லாது. ஏப்ரல் இரண்டில் பிறந்த புண்ணியவான்களுக்கு முழுசாகப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். ஆனால் எங்கள் நாட்டுச் சட்டப்படி மனிதனுக்கு வயது கூடுவது பிறந்தநாளன்று அல்ல, அதற்கு முந்தைய நாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே இந்தக் கூத்து ஆரம்பித்துவிடும். ஏப்ரல் ஒன்றாம் தேதிக் குழந்தை மேல் வகுப்பில் போய்ச் சேர்ந்து, தன்னைவிட ஒரு வயது மூத்த பிள்ளைகள் நடுவே திருதிருவென்று விழிக்கும். ஆக, இகுயோவுக்கு அறுபத்தைந்து நிரம்பும் நாளும் சீட்டு காலாவதியாகும் நாளும் ஒன்று. ஊசி போட்டுக்கொள்ள அவளுக்கு வாய்த்தது ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாள், ஊரெல்லாம் புதுக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த வருஷத்தில் வந்து தொலைத்தது. இகுயோவின் வலது நுரையீரலில் கீழ்ப்பகுதி கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வெட்டி எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியைப் படிப்பது போல் பாவனை செய்வாள். மூச்சு வாங்குகிறது என்று நான் தெரிந்துகொள்ளக் கூடாதாம்.

எங்கள் தெருமுனை டாக்டர் இசோபே என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "கனாமோரி-சான், இந்த ஊசி அந்தக் காய்ச்சலைத் தடுக்காது. அதை நல்லாப் புரிஞ்சுக்கோங்க. காய்ச்சல் வந்து கதவை உடைச்சுப் போட்டுட்டுப் போயிடும். திறந்து கெடக்குற வீட்டுல பின்னாடியே இன்னொருத்தன் நுழைவான். வயசானவங்க விஷயத்துல பல சமயம் அந்த ரெண்டாவது ஆள்தான் எமன். இந்த ஊசி அவனுக்கு."

"காசு குடுத்தே போட்டுக்கிறோம், டாக்டர்."

"காசு கெடக்கட்டும், மருந்து எங்க இருக்கு? ஊரே கேக்குது. சீட்டு இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் போடணும்னு உத்தரவு. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு மிச்சம். முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உங்க வீட்டம்மாவுக்குன்னு எடுத்து வெக்கிறேன். அதுக்கு மேல முடியாது. மிச்சத்தைத் திருப்பி அனுப்பிடணும்."

மார்ச் முதல் வாரமே நகரசபைக்குப் போனேன். இன்னும் அறுபத்தைந்து ஆகவில்லையே என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே முப்பத்தொன்றாம் தேதி மதியம், கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கும் என் பெயர் முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்பினேன். இகுயோ வாசல்வரை வந்தாள்.

"பஸ் ஓட்டின காலத்துல பேசின மாதிரி அங்க பேசி வெக்காதீங்க. அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுங்க."

"ஆட்டுறேன்."

"இப்பவே ஆட்டுங்க, பாப்போம்."

ஆட்டிக் காட்டிவிட்டுப் போனேன்.

நகரசபைக் கட்டடத்தில் தொற்றுத் தடுப்புக்காகத் தரையெல்லாம் அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். வெளியே போகும் அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று காவலாளியிடம் கேட்டேன். வேலை முடிந்தவர்களுக்கு அது தானாகத் தெரியும் என்றார்.

ஏழாம் ஜன்னலில், பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் ஹோரிகவா என்ற இளம்பெண் இருந்தாள். மரியாதையான பெண். என் விண்ணப்பத்தை இரண்டு கையாலும் வாங்கி, இரண்டு தரம் படித்தாள்.

"மன்னிச்சுக்கோங்க, அம்மாவுக்கு இன்னும் அறுபத்தஞ்சு ஆகலீங்களே."

"இன்னிக்கு ஆகுது."

"ஆகுதுங்க. ராத்திரி பன்னண்டு மணிக்கு. நாள் முடியுறப்பதான் வயசு நிரம்பும்னு சட்டம்."

"சரிம்மா. சீட்டு எப்ப காலாவதி ஆகுது?"

"இன்னிக்கு ராத்திரி பன்னண்டு மணிக்குங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கேலி செய்யவில்லை.

"அப்படின்னா அவளுக்குத் தகுதி எவ்வளவு நேரம் இருக்கு?"

"அதைக் கணக்கெடுக்க எங்ககிட்ட படிவம் இல்லீங்க" என்று தலைகுனிந்து வணங்கினாள்.

தலையாட்டினேன். பிறகு, காய்ச்சல் பரவும் காலம், மனைவிக்கு நுரையீரல் பலவீனம், கொஞ்சம் அவசரம் என்று மெல்லச் சொன்னேன். காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. காய்ச்சல் ஒன்பதாம் ஜன்னலாம். ஒன்பதாம் ஜன்னல் அங்கிருந்து நான்கு அடி. ஆனால் அம்புக்குறி எதிர்த்திசையில் இருந்ததால் பதிவுத் துறை, குடிநீர்த் துறை, நாய் உரிமத் துறை எல்லாம் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்தவர், "வைரஸ் மட்டும்தான் எங்களோடது. நீங்க கேக்குறது பாக்டீரியாவுக்கான ஊசி. அது ஏழாம் ஜன்னல்" என்றார். டாக்டர் சொன்ன இரண்டு திருடர் கதையை அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா எங்களுக்குச் சிரமம்" என்றார். "தனித்தனியா வந்தாதான் பதிவு பண்ண முடியும்."

நான்கு சுற்று ஆயிற்று. முப்பத்துநான்கு வருஷம் பஸ் ஓட்டியவன் நான், வட்டப்பாதை எனக்குப் பழக்கம்தான். ஆனால் பஸ்ஸில் எனக்கு உட்கார ஓர் இருக்கை இருந்தது.

ஐந்தாவது முறை ஏழாம் ஜன்னலுக்கு வந்தபோது ஹோரிகவாவுக்கே மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "விதிவிலக்கு குடுக்கிற அதிகாரம் மேல கமிட்டிக்கு இருக்குங்க. இன்னிக்குக் கூட்டம் இருக்கு. கடைசியில 'இதர விஷயங்கள்'னு ஒண்ணு வரும், அதுல உங்க வீட்டம்மா விஷயத்தை எடுத்துக்கலாம். ஆனா கூட்டமே நடக்குமான்னு தெரியல. முதியோர் பிரதிநிதி வரல. அவர் இல்லாம ஆள் கணக்கு சேராது."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வயசுங்க?"

"அறுபத்தொம்பது."

இரண்டே முக்கால் மணிக்கு நான் நான்காம் மாடியில் முதியோர் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் ஓர் அட்டை: 'பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் நிமோனியாத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்பது குறித்த ஆலோசனைக் கமிட்டி, பன்னிரண்டாவது கூட்டம்.' கைப்பேசிகளைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்தினார்கள். கூட்டம் முடியும் வரை யாரும் வெளியே போகக் கூடாதாம். ஒருமுறை கதவு திறந்தால் அறைக் காற்றை மறுபடி அளக்க அரைமணி ஆகும். காற்றோட்டத்துக்காக ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். முதியோர் நாற்காலி அதன் அடியில் இருந்தது. மார்ச் மாதக் கடல்காற்று என் கழுத்துக்குள் புகுந்து முதுகு வழியாக இறங்கியது.

தலைவர் உசாமி, எழுபத்தொரு வயது. பணி ஓய்வு பெற்றவரை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு வலப்பக்கம் துணைத்தலைவர் தெராஷிமா, அறுபத்தேழு. இடப்பக்கம் ஒரு பேராசிரியர். கமிட்டியில் கற்றறிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. இவர் பாலங்களைப் பற்றிக் கற்றறிந்தவர். ஹோரிகவா மூலையில் உட்கார்ந்து குறிப்பெழுதினாள்.

"எனக்கு முன்னாடி இருந்த பிரதிநிதிக்கு என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"ஓனுகி-சானா?" என்றார் தெராஷிமா வருத்தத்தோடு. "ஆஸ்பத்திரியில இருக்கார். நிமோனியா."

"ஐயோ. ஊசியப் பத்தி அவர் கருத்து என்னவா இருந்துச்சு?"

"பதினோரு கூட்டத்துலயும் போடணும், போடணும்னே சொன்னார். ஆனா பாருங்க, அவரே முதியவர். பாரபட்சம் இருக்கும் இல்லியா? அதனால குறிப்புல சேர்க்கல."

பேராசிரியர் ஆமோதித்தார். பாலம் எப்படி இருக்கிறது என்று பாலத்தையே யாரும் கேட்பதில்லை என்றார்.

உசாமி எழுந்து உரையாற்றினார். எதிரில் நான்கு பேர்தான் என்றாலும் மைக் வைத்திருந்தார்கள்.

"மதிப்புக்குரிய உறுப்பினர்களே! இந்த ஊசி விஷயத்துல நாம அவசரப்படவும் இல்ல, தாமதிக்கவும் இல்ல. ஒரு வருஷமா ரெண்டுக்கும் நடுவுல அசையாம நிக்கிறோம். அது லேசுப்பட்ட காரியம் இல்ல. மக்களுக்கு ஒண்ணைச் சிபாரிசு பண்றதுக்கு முன்னாடி அதை நாமளே அனுபவிச்சுப் பாக்கணும்கிறது என் கொள்கை. அதனாலதான் போன மே மாசமே, மருந்து வந்த மொத நாளே, நான் போட்டுக்கிட்டேன். கை ரெண்டு நாள் வலிச்சுது. பொதுச் சேவைன்னு பொறுத்துக்கிட்டேன்."

"நான் மறுநாள் போட்டுக்கிட்டேன்" என்றார் தெராஷிமா. "தலைவருக்கு முன்னாடி போட்டுக்க எனக்கு மனசு வரல."

"நானும்" என்றார் பேராசிரியர். "ஆராய்ச்சிக்காக. என் சம்சாரத்துக்கும் போட்டேன், ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இகுயோவிடம் தலையாட்டிக் காட்டியதை நினைத்து விழுங்கிக்கொண்டேன். முடிந்தவரை பணிவாகக் கேட்டேன்: "அப்போ ஐயாமார்களுக்கு ஊசி நல்லதுன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னும் என்ன யோசனைங்க?"

உசாமி என்னைப் பரிவோடு பார்த்தார். "எங்களுக்கு நல்லதுன்னு தெரியும், கனாமோரி-சான். முதியோருக்கு நல்லதாங்கறதுதான் கேள்வி."

"ஐயாவுக்கு எழுபத்தொண்ணு ஆகுதே."

"வயசு ஆகுது. ஆனா நான் பதவியில இருக்கேனே."

இதைக் குறிப்பில் எழுதவா என்று ஹோரிகவா கேட்டாள். எழுதச் சொன்னார். அழகாக எழுது என்றும் சொன்னார்.

நான்கு மணிவாக்கில் ஒரு வழியாகத் தீர்மானம் தயாரானது. 'முதியோர் தடுப்பூசி போட்டுக்கொள்வது விரும்பத்தக்கதல்ல என்று கூறுவதற்கு இடமில்லை எனக் கமிட்டி கருதுகிறது.' போட்டுக்கொள்ளலாம் என்று இதற்கு அர்த்தம் என்று ஹோரிகவா கண்ணால் காட்டினாள். எல்லாரும் முத்திரை பதித்ததும் இதர விஷயங்கள். உசாமி பதித்தார், தெராஷிமா பதித்தார், பேராசிரியர் பதித்தார். நான் பதித்தேன்.

மூன்று பேரும் என் முத்திரையையே பார்த்தார்கள்.

"நேரா நிக்குதே" என்றார் தெராஷிமா மெல்ல.

அப்போதுதான் கவனித்தேன். தலைவருடைய முத்திரை நிமிர்ந்து நின்றது. துணைத்தலைவருடையது தலைவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்து வணங்கியது. பேராசிரியருடையது இன்னும் கொஞ்சம் குனிந்தது. கடைசியில், கைகட்டி நிற்க வேண்டிய இடத்தில், என் முத்திரை தலைவருக்குச் சமமாக விறைத்துக்கொண்டு நின்றது. பஸ் டிப்போவில் வருகைப் பதிவேட்டில் நாங்கள் எல்லாரும் நேராகத்தான் பதிப்போம். யாரும் யாரையும் வணங்கியதில்லை.

"எனக்கொண்ணும் வருத்தமில்ல" என்றார் உசாமி. முகம் சிவந்திருந்தது. "ஆனா மேயர் பாத்தா என்ன நினைப்பார்?"

புதுத் தாள் அச்சடிக்க இரண்டாம் மாடிக்குச் சொல்லி, அது அம்புக்குறி வழியாகச் சுற்றி வந்து, கதவுக்கடியில் நுழைய இருபது நிமிஷம் ஆயிற்று. மறுபடி பதித்தோம். இம்முறை பயபக்தியோடு நன்றாகச் சாய்த்துப் பதித்தேன். பதற்றத்தில் வலப்பக்கம் சாய்த்துவிட்டேன். அதாவது தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை வணங்கினேன்.

"இது முன்னதைவிட மோசம்" என்றார் பேராசிரியர்.

"ஐயா, கும்பிட்டுக் கேக்குறேன்" என்றேன். "ஆறு மணிக்குள்ள என் சம்சாரத்துக்கு ஊசி போட்டாகணும். டாக்டர் மருந்த வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கார். முதல்ல அந்தச் சீட்டைக் குடுத்துடுங்க. அப்புறம் விடிய விடிய உக்காந்து குனிஞ்சு குனிஞ்சு பதிக்கிறேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்கே, கனாமோரி-சான்" என்றார் தெராஷிமா. "தீர்மானம் இல்லாம இதர விஷயம் எப்படி வரும்?" சொல்லிக்கொண்டே விதிப் புத்தகத்தைப் புரட்டியவர், திடுக்கிட்டு நிறுத்தினார். "தலைவர் ஐயா, விதி ஏழு! ஒரே தாளைத் தொட்டு முத்திரை பதிக்கிற உறுப்பினர் அத்தனை பேரும் தடுப்பூசி போட்டிருக்கணும். நாம மூணு பேரும் போட்டாச்சு. இவரு?"

நான் போட்டிருக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் சீட்டு வந்தது. அப்போது காய்ச்சலும் இல்லை, கவலையும் இல்லை. சீட்டை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

உசாமிக்கு உயிர் வந்தது. மனிதர் இப்படிச் சுறுசுறுப்பாக ஒரு முடிவெடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "உறுப்பினருடைய பாதுகாப்பு கமிட்டியின் பொறுப்பு. உடனே ஏற்பாடு பண்ணுங்க. அவசர உத்தரவு!"

"எனக்கு வேண்டாங்க. என் சம்சாரத்துக்குத்தான்..."

"நீங்க இங்க புருஷனா உக்காரல, முதியோரா உக்காந்திருக்கீங்க" என்றார். "போட்டுக்கிட்டாதான் பதிக்க முடியும், பதிச்சாதான் தீர்மானம், தீர்மானம் வந்தாதான் உங்க வீட்டம்மா சீட்டு."

இதற்குத் தலையாட்டாமல் என்ன செய்வது? வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஊர் ஒலிபெருக்கியில் ஐந்து மணிப் பாட்டு ஒலித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில், அவசர உத்தரவு என்பதால் காற்றை அளக்காமலே கதவைத் திறந்துகொண்டு, தலை முதல் கால்வரை வெள்ளை உடை மூடிய ஒருவர் சின்னக் குளிர்ப்பெட்டியோடு வந்தார். பெரிய அலுவலகம், கீழே எங்காவது இருப்பு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சட்டைக் கையை மடக்கினேன். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஹோரிகவா நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது தாளில் என் முத்திரை கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. உசாமி நெகிழ்ந்துபோனார். இதர விஷயங்கள் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. 'இகுயோ கனாமோரி, விதிவிலக்கு, இன்று மட்டும்' என்று எழுதிய சீட்டு என் கைக்கு வந்தபோது மணி ஐந்து முப்பத்தெட்டு. வெளியே போகும் அம்புக்குறி உண்மையிலேயே தானாகத் தெரிந்தது. கைப்பேசியைத் திருப்பி வாங்கினேன். டாக்டர் இசோபேயிடமிருந்து ஏழு அழைப்பு. பாவம் மனுஷன், எனக்காகத் தவித்திருக்கிறார் என்று நினைத்துச் சைக்கிளை மிதித்தேன். அறுபத்தொன்பது வயதில் அப்படி மிதிக்கக் கூடாது. வழியில் இகுயோவைக் கூப்பிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு தயாராக இரு, டாக்டரை வீட்டுக்கே கூட்டிவருகிறேன் என்று கத்தினேன்.

ஆறுக்கு எட்டு நிமிஷம் இருந்தது. மூச்சிரைக்கச் சீட்டை நீட்டினேன். டாக்டர் அதை வாங்கவில்லை.

"எத்தனை தடவ போன் பண்றது? எங்க போயிட்டீங்க?"

"கூட்டத்துல இருந்தேன், டாக்டர். சீட்டு வாங்கியாச்சு. வாங்க போகலாம்."

அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினார். தட்டு காலியாக இருந்தது.

"அஞ்சு மணிக்கு நகரசபையிலேர்ந்து வந்தாங்க. எழுத்துல அவசர உத்தரவு. யாரோ கமிட்டி உறுப்பினருக்காம். பேரு போடல, முதியோர் பிரதிநிதின்னு மட்டும் இருந்துச்சு. இது ஒரு அம்மாவுக்காக வெச்சிருக்கேன், அவங்களுக்கு நுரையீரல் சரியில்லன்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கலியே. எந்தப் பாவி கமிட்டியில உக்காந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர், நான் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

வீட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். வெட்கமாக இருந்தது. திருடிய பொருளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவது போல் இருந்தது. திருடியதையாவது திருப்பிக் கொடுக்கலாம்.

இகுயோ கோட்டு மாட்டி, முகக்கவசம் போட்டு, இடது கைப் பக்கம் மட்டும் கழற்றச் சுலபமாகப் பொத்தானை விட்டுவைத்து, வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். என் பின்னால் டாக்டர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.

"சீட்டு கிடைக்கலியா?"

"கிடைச்சுது."

"அப்புறம் என்ன? மருந்து?"

சட்டைக் கையை மடக்கி, தோளில் ஒட்டியிருந்த சின்ன வட்டப் பிளாஸ்திரியைக் காட்டினேன். அங்கே நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன். கடைசியில் அழுதுவிட்டேன். கல்யாணமான நாற்பத்தொரு வருஷத்தில் அவள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அவள் பிளாஸ்திரியைச் சுற்றி விரலால் மெதுவாகத் தடவினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"போங்க, உங்களுக்காவது போட்டாங்களே." கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். "எனக்கு அடுத்த சீட்டு எப்ப?"

"எழுபது வயசுல."

"அஞ்சே வருஷம்" என்றாள். "அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.